சிரிப்பக்காவின் கிட்னிக் கல்

தொலைக்காட்சித் தொடர்களில் எந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்தாலும் அவளுக்குச் சிரிப்பு கொடுக்க ஒரே ஆள்தான். நடிகை தலையை விரித்துப் போட்டு, கண்ணை உருட்டி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டால் போதும். மிச்சத்தை டப்பிங் அறையில் மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் பார்த்துக்கொள்வாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைப்பாள். இடுப்பில் ஒரு கையை ஊன்றுவாள். முதலில் மூக்குக்குள் சின்னதாக ஒரு செருமல், பிறகு படியேறுவதுபோல மெல்ல மெல்ல ஏறும் சிரிப்பு, உச்சியில் ஒரு கிறீச்சிடல், அங்கிருந்து தொபுக்கென்று அழுகைக்குள் ஒரு விழுதல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சவுண்ட் இன்ஜினியர் கட்டைவிரலை உயர்த்துவார். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, போகிற வழியில் தக்காளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தத் தொழிலில் எல்லோருக்கும் அவள் சிரிப்பக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பெண் போலீஸ், சோப்புத்தூள் விளம்பரத்து அம்மா, குழந்தைகள் நிகழ்ச்சியில் வரும் ஆட்டுக்குட்டி என்று அவள் கொடுக்காத குரல் கிடையாது. ஆனால் பேர் வாங்கிக் கொடுத்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். நிஜமாகவே மனம் நோவுற்றவர்கள் அப்படிச் சிரிப்பார்களா என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆட்டுக்குட்டிக்குக் குரல் கொடுப்பதற்கு முன்னால் எந்த ஆட்டையும் போய்ப் பார்த்தவளா அவள்?

இப்படியிருந்தவளுக்குத்தான் நோய் வந்தது. அது மேளம் கொட்டிக்கொண்டு வரவில்லை. முதலில் தூக்கம் போயிற்று, அப்புறம் பசி. பிறகு எழுந்து பல் தேய்ப்பதே மலையைப் புரட்டுகிற வேலையாயிற்று. ஒரு நாள் காலையில் புடவை மாற்றுவதற்காகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள், கணவர் வேலை முடிந்து வரும்வரை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள். அது மழுப்பல் இல்லை. உள்ளே போய்த் தேடிப் பார்த்தால் உண்மையிலேயே அங்கே ஒன்றும் இல்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கோளாறையும் தட்டிப் பார்த்து, திறந்து பார்த்து, பழுதான பாகத்தைக் கையில் எடுத்துக் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும். குடும்ப டாக்டரிடம் கூட்டிப்போனார். குடும்ப டாக்டர் மனநல மருத்துவரிடம் அனுப்பினார். அந்த அம்மாள் நிதானமாக எல்லாம் கேட்டுவிட்டு, இது மனச்சோர்வு நோய், மருந்து உண்டு, பிடிக்கச் சில வாரம் ஆகும், நடுவில் நிறுத்தக் கூடாது என்று சொன்னார். கணவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எந்தப் பாகத்தில் கோளாறு என்று கேட்டார். டாக்டர் மூளையைப் பற்றிக் கொஞ்சம் விளக்கினார்.

"ஓவர்லோடுன்னு சொல்லுங்க" என்றார் கணவர்.

டாக்டர் யோசித்துவிட்டு, "அப்படியும் வச்சுக்கலாம்" என்றார்.

அதோடு அவருக்குக் குழப்பம் தீர்ந்தது. ஓவர்லோடான லிஃப்டை யாரும் திட்டமாட்டார்கள். ஏறியிருக்கிறவர்களில் நாலு பேரை இறக்குவார்கள். அவர் சமையலை இறக்கினார், துணி துவைப்பதை இறக்கினார், வாரக்கடைசியில் வந்து தங்கிப்போகும் தன் தங்கையையும் நாசூக்காக இறக்கினார். ஊருக்கு என்ன சொல்வது என்பதில் மட்டும் மனுஷன் தடுமாறிப்போனார். பைத்தியச் சிரிப்புக்காரிக்கே பைத்தியம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், தெரு முழுக்க ஓடிவிடும். ரொம்ப நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, கிட்னியில் கல் என்று சொல்லிவிடலாம் என்றார். கல்லுக்கு யாரும் காரணம் கேட்கமாட்டார்கள், பரம்பரையா என்று விசாரித்துச் சொந்தத்தில் யாருக்கும் பெண் கொடுக்க யோசிக்கமாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

அவர் கணக்கில் வராதவள் கீழ்வீட்டு அக்கா. அந்த அக்காவுக்கு அடுத்தவர் உடம்பைக் கவனிப்பதில் இருந்த ஆர்வம் சொல்லி மாளாது. கல் என்ற சொல் காதில் விழுந்ததுமே எந்தப் பக்கம் என்று கேட்டாள். கணவர் இடது என்றார். அதே மூச்சில் உள்ளேயிருந்து சிரிப்பக்கா வலது என்றாள். ஆகவே கல் இரண்டு பக்கமும் என்றாயிற்று. அன்று தொடங்கித் தினமும் ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பார்லித் தண்ணீர் மாடியேறி வந்தது. முழுவதையும் குடித்துப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினால்தான் அக்கா படியிறங்குவாள். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் கிடந்த நாட்களில் சிரிப்பக்கா செய்த ஒரே உருப்படியான காரியம், இல்லாத கல்லுக்காகக் குளியலறைக்கும் கட்டிலுக்கும் நடந்ததுதான். நோயாளி கொஞ்சமாவது நடக்க வேண்டும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

மருந்து மெல்லப் பிடித்தது. ஒரு நாள் காப்பி கசந்தது என்று குறை சொன்னாள். அதைக் கேட்டுக் கணவர் பரவசப்பட்டு இன்னொரு காப்பி போட்டுவந்தார், அது இன்னும் கசந்தது. பிறகு வேலைக்கும் போகத் தொடங்கினாள். ஸ்டுடியோவில் எல்லோரும் கல் விழுந்துவிட்டதா என்று அன்பாக விசாரித்தார்கள்.

மாதம் ஒரு முறை மனநல டாக்டரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. அந்த மருத்துவமனை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருந்தது. அதனால் அங்கே வருகிற ஒவ்வொருவரும் முதலில் கண்ணாடிக் கடை வாசலில் நின்று, வேண்டாத ஃப்ரேமை எல்லாம் பார்த்துவிட்டு, தெருவில் தெரிந்த தலை இல்லையென்று உறுதிசெய்துகொண்டு சட்டென்று படியேறிவிடுவார்கள். மாடியில் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர்கூட நோயாளி கிடையாது. கேட்டுப் பார்த்தால் ஒருவர் மச்சினனுக்காக வந்திருப்பார், ஒரு அம்மாள் பக்கத்துவீட்டுப் பெண்ணுக்காக வந்திருப்பார், இன்னொருவர் மின்சார மீட்டர் பார்க்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டதாகச் சொல்வார்.

ஒரு மாதம் அவள் போனபோது மூலையில் ஒருவர் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் தலைகீழாக இருந்தது. கீழே தெரிந்த செருப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் குரல் கொடுக்கும் தொடரின் கதாசிரியர். வெள்ளிக்கிழமை தவறாமல் கதையில் ஒரு திருப்பம் வைப்பார் என்பதால் அவருக்குத் திருப்பம் சார் என்றே பேர். திரும்பிப் போய்விடலாமா என்று அவள் நினைப்பதற்குள் பக்கம் புரட்டுவதற்காக அவர் தாளை இறக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்தான் முதலில் சுதாரித்தார். தொடரில் மூத்த மருமகள் பைத்தியம் பிடித்துக் குழந்தையைத் தண்ணீர்த் தொட்டியில் போடப்போவதால் ஆராய்ச்சிக்காக வந்திருப்பதாகச் சொன்னார். அவள் கிட்னிக் கல்லுக்காக வந்திருப்பதாகச் சொன்னாள். மனநல டாக்டரிடம் கிட்னிக்கா என்று அவர் கேட்கவில்லை. தலைகீழ்த் தாளில் என்ன ஆராய்ச்சி என்று அவளும் கேட்கவில்லை. அந்த மரியாதை நீடித்திருக்கும். அதற்குள் வரவேற்பில் இருந்த பெண், "சார், உங்களுக்குப் பழைய மாத்திரையையே தொடரச் சொல்லிட்டாங்க. பத்து வருஷமா வர்றீங்க, இன்னும் சீட்ட மறந்துட்டு வர்றீங்களே" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

திருப்பம் சார் வாழ்க்கையில் அவரே எழுதாத திருப்பம் அது. தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார், தனக்குப் படபடப்பு நோய் இருக்கிறது, மாத்திரை இருக்கிறவரை ஒரு தொந்தரவும் இல்லை, மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளும் தன் கல்லைக் கீழே இறக்கி வைத்தாள். ரெண்டு பேருக்கும் அப்பாடா என்றிருந்தது.

பிறகு அவள் கேட்டாள், "நமக்கே இப்படின்னா, அப்புறம் எதுக்கு சார் அந்த மூத்த மருமக சிரிச்சுக்கிட்டே குழந்தையத் தண்ணித் தொட்டில போடப் போறா?"

"தயாரிப்பாளர் கேக்குறாரும்மா. பொய்யின்னு எனக்குத் தெரியாதா? முடியாதுன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

சேர்ந்து இறங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அவர் முதலில் இறங்கினார், அவள் கொஞ்சம் பொறுத்து இறங்கினாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர் வேறு என்னவோ நினைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார்.

அந்தக் காட்சி டப்பிங்குக்கு வந்த நாளில் தயாரிப்பாளரே நேரில் வந்திருந்தார். இரண்டு கையிலும் போன் வைத்துக்கொண்டு இரண்டிலும் மாறி மாறிப் பேசும் மனிதர் அவர். திருப்பம் சாரும் ஓரமாக ஒரு நாற்காலியில் ஒடுங்கியிருந்தார். திரையில் மூத்த மருமகள் தலையை விரித்துப் போட்டு வாயைத் திறந்தாள். சிரிப்பக்கா செருப்பைக் கழற்றினாள், இடுப்பில் கையை ஊன்றினாள், செருமினாள். அதற்கு மேல் வரவில்லை. தண்ணீர் குடித்தாள். மறுபடி போட்டார்கள். திரையில் வாய் திறந்து திறந்து மூடியது. அவளுக்குக் கட்டில் ஓரமும் அந்த ஒரு பகலும்தான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு யாராவது இப்படிச் சிரிக்கச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேனா என்று நினைத்தாள். அன்றைக்கு வாயைத் திறப்பதற்கே ஆள் வைக்க வேண்டியிருந்தது.

தன்னால் முடியவில்லை என்று மைக்கில் சொன்னாள். தயாரிப்பாளர் கொஞ்சமும் கலங்கவில்லை. பரவாயில்லையம்மா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, பழைய தொடரில் இவள் சிரித்தது கம்ப்யூட்டரில் இருக்குமே, அதை எடுத்து ஒட்டிவிடச் சொன்னார். சவுண்ட் இன்ஜினியர் தேடினார். 'பைத்தியம் சின்னது', 'பைத்தியம் பெரியது', 'பைத்தியம் மழையோடு' என்று வகைவகையாகப் பேர் வைத்து அடுக்கியிருந்தார். பெரியதை எடுத்துப் போட்டார். அவள் வாய் மூடியிருக்க, அவள் சிரிப்பு அறை முழுக்க அதிர்ந்தது.

இத்தனை நாள் உள்ளேயிருந்து கொடுத்த சிரிப்பை முதல்முறையாக வெளியில் நின்று கேட்டாள். ஆட்டுக்குட்டியே தேவலை என்று தோன்றியது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். அந்தச் சிரிப்பை எடுத்துவிடச் சொன்னாள். தயாரிப்பாளர் ஏன் என்று கேட்டார்.

"எனக்கு அந்த நோய் வந்துச்சு. கிட்னில கல் இல்ல, மனசுலதான். ரெண்டு மாசம் படுத்துக் கிடந்தேன். ஒரு தடவகூடச் சிரிக்கல. யாரையும் தண்ணித் தொட்டிலயும் போடல. இப்பவும் மாத்திரை சாப்பிடுறேன். அந்தச் சிரிப்பு பொய்ங்க. என் சிரிப்புதான், அதனால சொல்றேன்."

சவுண்ட் இன்ஜினியர், அப்படியானால் கல்லுக்கென்று தான் கூரியரில் அனுப்பிய மூலிகைப் பொடியை என்ன செய்தீர்கள் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். தயாரிப்பாளர் இரண்டு போனையும் ஒரே பையில் போட்டார். அவரை அறிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். அவர் ஆதரவு தேடித் திருப்பம் சார் பக்கம் திரும்பினார். சார் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பக்காவும் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

சார் நிலத்தைப் பார்த்தபடியே, "எனக்கும் அந்த டாக்டர்தான்" என்றார்.

தயாரிப்பாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "அப்ப நம்ம ஹிட்டெல்லாம்?"

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிட்ட காலத்துல எழுதினதுதான்."

தயாரிப்பாளருக்கு அந்தப் பதில் ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. இன்றைக்குச் சாப்பிட்டாகிவிட்டதா என்று அக்கறையோடு விசாரித்தார். பிறகு அவருக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டார். காட்சியை மாற்றலாம், ஆனால் சிரிப்பக்கா அதே சேனலின் காலை நிகழ்ச்சிக்கு வந்து இதையெல்லாம் சொல்ல வேண்டும், தொடருக்கு அது நல்ல விளம்பரம் என்றார். அவள் கணவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள். கணவர் அன்றிரவு சாப்பிட்டு முடித்து, கை கழுவி வந்து, லிஃப்ட் பழுது என்றால் பலகை மாட்டுவதுதான் முறை, மாட்டாமல் விடுவதுதான் ஆபத்து என்றார். அவர் சம்மதம் சொன்ன விதம் அது.

காலை நிகழ்ச்சி அரங்கத்தில் அவளுக்காக நீல விளக்கை மங்கலாக எரியவிட்டு, மேசைமேல் கை உடைந்த ஒரு பொம்மையைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பொம்மை யாருடையது என்று கேட்டாள். உங்கள் மனநிலையைக் காட்டுவது என்றார்கள். தன் மனநிலை இப்போது நன்றாக இருப்பதாகச் சொல்லி அதை எடுத்து நாற்காலிக்கடியில் வைத்தாள். திரையில் ஓடப்போகும் வரியைப் படித்துக் காட்டச் சொன்னாள். 'பைத்தியச் சிரிப்புக் குயிலுக்கு நிஜமாகவே பைத்தியம்' என்றிருந்தது. மாற்றச் சொன்னதற்கு, தட்டச்சு செய்து முடித்தாகிவிட்டது, இனி எதுவும் செய்ய முடியாது என்றார்கள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். உடனே அதை அழித்து இன்னொரு முறை தட்டச்சு செய்ய முடியும் என்பது அவர்களுக்கே தெரியவந்தது.

நிகழ்ச்சியை நடத்துகிற பெண் குரலில் ஏகப்பட்ட சோகத்தை வரவழைத்துக்கொண்டு முதல் கேள்வியைக் கேட்டாள். "அந்த நேரத்துல யாரையாவது எதாவது செஞ்சிடணும்னு உங்களுக்குத் தோணுச்சா?"

"தலை சீவணும்னுகூடத் தோணலைங்க" என்றாள் சிரிப்பக்கா.

கேமராவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த கேள்விகள் எல்லாமே யாரையாவது எதாவது செய்கிற வகைக் கேள்விகளாக இருந்ததால் அவள் பாவம் திணறிப்போனாள். நேயர்களுக்காக அந்தச் சிரிப்பை ஒரு முறை சிரித்துக் காட்டச் சொன்னாள். சிரிப்பக்கா மாட்டேன் என்றாள். நோய் எப்படித் தொடங்கியது, எப்படிப் பல் தேய்ப்பது மலையாயிற்று, மருந்து பிடிக்க எவ்வளவு நாளாயிற்று என்று தக்காளி விலை சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போனாள். நடுவில் மாத்திரையால் வாய் உலர்வதையும் குறை சொன்னாள். விளம்பர இடைவேளையில் நடத்துகிற பெண் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, தன் தோழி ஒருத்திக்காக அந்த டாக்டர் விலாசம் வேண்டும் என்று மெதுவாகக் கேட்டாள். இப்படிப்பட்ட தோழிகளைச் சிரிப்பக்காவுக்கு நன்றாகத் தெரியும். விலாசத்தைச் சொல்லி, கண்ணாடிக் கடை வாசலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டாம், கடைக்காரர் கண்ணாடியை மாட்டிவிடுவார் என்றும் தோழியிடம் சொல்லச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இதற்குத்தான் பயந்தேன் என்று கணவர் முணுமுணுத்தார். இரண்டு நாள் கழித்து அக்கா மாடியேறி வந்தாள். முகம் உர்ரென்றிருந்தது. அவள் கோபம் அவர்கள் நினைத்த கோபம் இல்லை.

"உன் கல்லப் பத்தி நான் எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுமா? ரெண்டு பக்கமும்னு சொல்லியிருக்கேன். இப்ப ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி மாத்திச் சொல்லணும். என் பேச்சுக்கு என்ன மரியாத இருக்கும்?"

மாற்றியும் சொன்னாள். அரைகுறையாகச் சொல்வது அக்காவுக்குப் பிடிக்காது என்பதால் முதலில் சிரிப்பக்காவை உட்காரவைத்து நோயின் பேர், மருந்து வேலை செய்கிற விதம், எத்தனை வாரம் என்று துருவித்துருவிக் கேட்டுக்கொண்டாள். பிறகு தெருத்தெருவாகப் போனாள். எதிர்வீட்டுக்காரர் தன் பிள்ளைகளை அந்த மாடிப்பக்கம் போகக் கூடாது என்று தடுத்தபோது, அவர் வீட்டு வாசலிலேயே நின்று அரைமணி நேரம் விளக்கம் கொடுத்தாள். அவர் நோய்க்குப் பயப்படுவதை விட்டுவிட்டு அக்காவுக்குப் பயப்படத் தொடங்கினார்.

எல்லாமே நல்லபடியாக முடியவில்லை. குழந்தைகள் நிகழ்ச்சிக்காரர்கள் தேதி ஒத்துவரவில்லை என்று சொல்லி ஆட்டுக்குட்டியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். உண்மைக் காரணம் என்னவென்று அவளுக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்க அழுதாள். அழுகை வருகிறதே என்று கணவர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார், ஆனால் அதைச் சொல்லவில்லை.

தொடரில் திருப்பம் சார் பாடுபட்டார். மூத்த மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், குணமாகி வருகிறாள் என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அவருக்கு அது கைவரவில்லை. முதலில் எழுதியதில் டாக்டர் அவளுடைய தொலைந்துபோன அண்ணனாக இருந்தார். சிரிப்பக்கா படித்துவிட்டு முறைத்தாள். அடுத்ததில் மாத்திரையை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள். அதையும் அடிக்க வைத்தாள். ஒரு வாரம் முழுக்கத் திருப்பமே இல்லாமல் எழுதி முடித்தபோது, உடற்பயிற்சி செய்தவர்போல சாருக்கு வேர்த்திருந்தது. நேயர்களில் சிலர் குழந்தை எப்போது தொட்டியில் விழும் என்று போன் போட்டுக் கேட்டார்கள். பார்ப்பவர்கள் எண்ணிக்கை சரிந்தது. தயாரிப்பாளர் முகமும் சரிந்தது. பிறகு வேறு வகை போன்கள் வரத் தொடங்கின. என் ஓரகத்தியும் இப்படித்தான் உட்கார்ந்தே இருக்கிறாள், என்ன மாத்திரை அது என்று ஒரு பெண் கேட்டாள். மாத்திரை சொல்லக் கூடாது, டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று சொல்லும்படி தயாரிப்பாளரே ஆபீசில் ஆள் போட்டார். சரிவு நின்றது. ஏறவில்லை, ஆனால் நின்றது.

மூத்த மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும் காட்சி டப்பிங்குக்கு வந்தது. வாசலில் நிற்கிறாள். மாமியார் சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். இன்னும் இல்லை அத்தை என்று இவள் சொல்ல வேண்டும், வசனம் அவ்வளவுதான். முதல் தடவை சொன்னபோது குரல் தழுதழுத்தது. சவுண்ட் இன்ஜினியர் தலையை ஆட்டினார். அடுத்த தடவை ரொம்பக் கெட்டியாக வந்தது, பெண் போலீஸ் மாதிரி இருந்தது. அதற்கடுத்த தடவை நன்றாக இருந்ததாக அவளுக்குத் தோன்றியது, ஆனால் உதடு அசைவுக்குப் பொருந்தவில்லை.

"அக்கா, ஒண்ணும் பண்ணாம சொல்லுங்க" என்றார் இன்ஜினியர். "வேலைக்குப் போயிட்டு வந்தவங்க சொல்ற மாதிரி."

அவள் தண்ணீர் குடித்தாள். திரையில் மூத்த மருமகள் மறுபடி வாசலுக்கு வந்து நின்றாள். மாமியார் கேட்டாள்.

"இன்னும் இல்ல அத்த."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரல் உயர்ந்தது. அடுத்து நாத்தனார் கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தும் காட்சி. அதற்கும் அவள்தான் குரல் என்பதால், ஒரு பெருமூச்சு விட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.